நண்டுகளின் கிரிவலம்

பௌர்ணமி வந்துவிட்டால் திருவண்ணாமலைக்கு ராத்திரி என்பதே கிடையாது. பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம். ரமணாசிரமம் இருக்கிற செங்கம் ரோட்டில் பஸ், லாரியை எல்லாம் வேறு பக்கம் திருப்பி விட்டுவிடுவார்கள். சாமி கும்பிடப் போகிற மனுஷனுக்காக ரோட்டை மூடுவது சரிதான். நண்டுகளுக்காக ரோட்டை மூடுகிற ஊர் ஒன்று இருக்கிறது, தெரியுமோ?

கிறிஸ்துமஸ் தீவு. பெயரைக் கேட்ட மாதிரி இருக்கிறதா? அகதிப் படகுச் செய்திகளில் அடிபட்ட பெயர்தான். ஈழத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பிய தமிழர்கள் எத்தனையோ பேரை ஆஸ்திரேலியா அங்கேதான் கொண்டுபோய் அடைத்து வைத்தது. ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி, இந்துமாக்கடலில் 135 சதுர கிலோமீட்டருக்கு ஒரு காடு. 1643 டிசம்பர் 25 அன்று அந்தப் பக்கமாகப் போன வில்லியம் மைனர்ஸ் என்ற கப்பல் கேப்டன், தேதியையே பெயராக வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தத் தீவின் உண்மையான குடிமக்கள் சிவப்பு நண்டுகள். எறும்புகள் விஷயம் பெரிதாவதற்கு முன்பு போட்ட கணக்கில் நாலைந்து கோடி. வருஷம் முழுக்கக் காட்டுக்குள் வளையில் இருக்கும். முதல் மழை விழுந்ததும் மொத்தக் கூட்டமும் கடலை நோக்கிப் புறப்படும். நம்மூர்க் கூட்டம் பௌர்ணமி பார்த்துக் கிளம்புகிறது என்றால், நண்டு தேய்பிறை பார்க்கிறது. தேய்பிறை நிலா பாதியாகிற சமயம், விடிவதற்கு முன்னால், கடலில் முட்டையை விட வேண்டும். அதற்காகத்தான் ரோட்டை மூடுகிறார்கள். நண்டுகள் ஏறிப் போகப் பாலம்கூடக் கட்டியிருக்கிறார்கள்.

நண்டுதான் அந்தக் காட்டின் தோட்டக்காரனும். விழுந்த இலையைத் தின்கிறது, முளைக்கிற கன்றைக் கத்தரிக்கிறது, மண்ணைக் கிளறி விடுகிறது. அதனால் காட்டுத் தரை பெருக்கி விட்ட வாசல் மாதிரி இருக்கும்.

இந்த வாசலில்தான் ஒரு எறும்பு புகுந்தது.

ஆங்கிலேயர்கள் 1888-ல் தீவைத் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். காரணம், பாஸ்பேட். உரத்துக்கான மூலப்பொருள். சீனாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் கூலிகள் வந்தார்கள், கப்பல்கள் வந்தன. 1915-க்கும் 1934-க்கும் நடுவில் எப்போதோ, ஏதோ ஒரு சரக்கோடு அந்த எறும்பும் வந்து இறங்கியது. ஆங்கிலத்தில் ‘யெல்லோ கிரேஸி ஆன்ட்’. நாம் மஞ்சள் கிறுக்கு எறும்பு என்று வைத்துக்கொள்வோம். நேர்க்கோட்டில் போகத் தெரியாது. கால்கள் நீளம். தொந்தரவு செய்தால் திசை தெரியாமல் தாறுமாறாக ஓடும். அதனால் அந்தப் பெயர்.

இந்த எறும்புக்கும் மதராஸுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. தாமஸ் ஜெர்டன் என்று ஒரு டாக்டர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் பட்டாளத்தில் சர்ஜன். வைத்தியம் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் பறவை, பாம்பு, மீன், எறும்பு. தென்னிந்தியாவின் எறும்புகளைப் பட்டியல் போட்டு 1851-ல் ஒரு மதராஸ் சஞ்சிகையில் வெளியிட்டார். அதில் ஒன்றுக்கு ‘நீண்ட கால்’ என்று அர்த்தம் வருகிற லத்தீன் பெயரை வைத்தார். அதுதான் இது! அந்தப் பெயரை வேறொரு எறும்புக்கு ஏற்கெனவே வைத்துவிட்டார்கள் என்பதால் ஜெர்டன் வைத்த பெயர் பின்னால் செல்லாமல் போனது. 1857-ல் ஃபிரெடரிக் ஸ்மித் வைத்த ‘ஒல்லிக் கால்’ என்ற பெயர் நிலைத்தது. இதன் பூர்வீகம் ஆசியாவா, ஆப்பிரிக்காவா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு ஓடுகிறது. நம் மண்ணில் 1851-லேயே இருந்தது என்பதற்கு மட்டும் அச்சில் சாட்சி இருக்கிறது.

தீவுக்கு வந்த எறும்பு பல பத்து வருஷங்கள் சாதுவாக இருந்தது. 1989-ல் முதல் ‘மகா கூட்டம்’ கண்ணில் பட்டது. ஒரு புற்றுக்கு ஒரு ராணி என்ற சட்டமெல்லாம் இதற்குக் கிடையாது. பல ராணிகள். புற்றுக்கும் புற்றுக்கும் சண்டை கிடையாது. எல்லாம் ஒரே சாம்ராஜ்யம். ஒரு சதுர மீட்டர் தரையில் 2,000 எறும்புகள் வரை எண்ணியிருக்கிறார்கள்.

கிறுக்கு எறும்பு கடிக்காது, கொட்டாது. ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். நண்டின் கண்ணிலும் மூட்டிலும் அது பட்டால் கண் போய்விடும். தடுமாறி, உடம்பில் ஈரம் வற்றிச் செத்துப்போகும். ஒரு கோடிக்கு மேல் நண்டுகள் இப்படி அழிந்தன. எறும்பே இல்லாத காட்டுப் பகுதி நண்டுகளும் தப்பவில்லை. கடலுக்குப் போகிற வழியில் எறும்பு ராஜ்யம் குறுக்கே வந்தது. போனவை திரும்பவில்லை.

ஆனால் இவ்வளவு பெரிய பட்டாளத்துக்கு யார் சோறு போடுவது? இங்கேதான் இரண்டாவது வில்லன் வருகிறான். அரக்கு தெரியுமில்லையா? பாண்டவர்களைக் கொளுத்தப் பார்த்த அந்த மாளிகையின் அரக்குதான். அரக்குப் பூச்சிக்குச் சொந்தக்காரப் பூச்சி ஒன்று, அதுவும் வெளியூரிலிருந்து வந்ததுதான், மரத்தில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சி, இனிப்பான திரவத்தை வெளியே விட்டது. எறும்பு அதைக் குடித்து வளர்ந்தது. பதிலுக்குப் பூச்சிக்குக் காவல் இருந்தது. மரம் கருத்துப் பட்டுப்போனது. நண்டு போனதால் தரையில் செடி மண்டியது. இதுவரை நண்டுக்குப் பயந்து ஒதுங்கி இருந்த ஆப்பிரிக்க ராட்சத நத்தையும் காட்டுக்குள் நுழைந்தது. ஒருவர் வாங்கிய கடனுக்கு ஊரே வட்டி கட்டிய கதை!

ஆஸ்திரேலியா 2002-ல் ஹெலிகாப்டரை எடுத்தது. மீன் தூளில் ஃபிப்ரோனில் என்ற மருந்தைக் கலந்து சுமார் 2,500 ஹெக்டேர் காட்டில் மேலிருந்து தூவினார்கள். தூவிய இடத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது எறும்புகள் காலி. வெற்றிதான். ஆனால் அந்த மருந்து நண்டுக்கும் விஷம். தென்னை மரம் ஏறுகிற ராட்சதத் திருட்டு நண்டு மீன் வாசனைக்கு ஓடி வந்துவிடும். அதனால் மருந்து விழாத இடத்தில் வேறு தீனியைக் கொட்டி அதை அந்தப் பக்கம் இழுக்க வேண்டியிருந்தது. போதாக்குறைக்குச் சில வருஷங்களில் எறும்பு மறுபடி கூடியது. 2009, 2012 என்று திரும்பத் திரும்ப ஹெலிகாப்டர். வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அசல் எப்போது அடையும்?

அசல், எறும்பில் இல்லை. அதன் சாப்பாட்டுக் கடையில் இருந்தது. லா ட்ரோப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் தேசியப் பூங்காக்காரர்களும் அந்த அரக்கு உறவுக்காரனுக்கு மலேசியாவில் ஒரு எதிரியைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு மில்லிமீட்டர் குளவி. மனிதனைக் கொட்டாது. பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும், குஞ்சு உள்ளேயிருந்தே தின்றுவிடும். தீவின் மற்ற பூச்சிகளுக்கு ஆபத்து வருமா என்று பல வருஷம் சோதித்த பிறகுதான், 2016 கடைசியில் விட ஆரம்பித்தார்கள்.

ஒன்றை ஒழிக்க இன்னொன்றைக் கொண்டு வருவதா? பயம் நியாயமானது. ராட்சத நத்தையை ஒழிக்கிறேன் என்று 1977-ல் பசிபிக்கின் மோரியா தீவில் வேறொரு நத்தையை விட்டார்கள். அது ராட்சதனை விட்டுவிட்டு, அந்தத் தீவுக்கே உரிய சின்ன நத்தைகளைத் தின்று தீர்த்தது. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. நம் பப்பாளியையும் மரவள்ளியையும் மல்பெரியையும் 2008 முதல் மாவுப்பூச்சி மூடியது ஞாபகம் இருக்கிறதா? மருந்தடித்து அலுத்துப்போனார்கள். 2010-ல் போர்ட்டோ ரிகோவிலிருந்து ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவி வந்தது. பூச்சி அடங்கியது. ஆள் பார்த்துச் சேர்த்தால் வெளியூர்க்காரனும் வேலை செய்வான்.

இப்போது கஷ்டமான கேள்வி. கோடிக்கணக்கான எறும்பைக் கொல்வது தர்மமா? நாம் எறும்புக்கென்று அரிசி மாவில் கோலம் போடுகிறவர்கள். ரமணாசிரமத்தில் பசு லட்சுமிக்குச் சமாதி உண்டு. மானுக்கும் காகத்துக்கும் நாய்க்கும்கூட உண்டு. மலையில் பாம்புகள் திரிந்த காலத்தில் ரமணர் அவற்றை அடிக்க விட்டதில்லை. அவை இருந்த இடத்துக்கு நாம்தான் விருந்தாளியாக வந்திருக்கிறோம், தொந்தரவு செய்ய நமக்கு உரிமை கிடையாது என்பது அவர் கட்சி.

அந்த வார்த்தையையே தீவில் வைத்துப் பாருங்கள். வீட்டுக்காரர் நண்டு. விருந்தாளி எறும்பு. அழைத்து வந்தவர் நாம்! எறும்பு டிக்கெட் எடுத்துக் கப்பல் ஏறவில்லை. அதனால் எறும்பின் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. அதற்காகக் கை கட்டி நின்றால் அதற்குப் பெயர் அகிம்சையும் இல்லை. நாம் போட்ட பற்றை நாம்தான் நேர் செய்ய வேண்டும், உயிர்ச் சேதம் எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவாக.

முடியாத காரியமும் இல்லை. பசிபிக்கில் ஜான்ஸ்டன் என்ற குட்டித் தீவில் 2010-ல் இதே எறும்பு கண்டுபிடிக்கப்பட்டது. கடற்பறவைகளின் கண்ணைக் குருடாக்கிக்கொண்டிருந்தது. அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையினர் தொண்டர்களை மாதக்கணக்கில் அங்கேயே தங்க வைத்துப் போராடி, 2021-ல் எறும்பு ஒழிந்தது என்று அறிவித்தார்கள். சின்னத் தீவு, பதினொரு வருஷம்!

தீவுக் கதை நமக்கு எதற்கு என்கிறீர்களா? 2022 ஆகஸ்டில் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் கரந்தமலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் இதே எறும்பு கிளம்பியது. ஆடு மாடுகளின் கண் போகிறது என்று ஜனங்கள் அலறினார்கள். ஜெர்டன் பட்டியலில் சாதுவாக உட்கார்ந்திருந்த அதே நீண்ட கால்காரன். சுற்றிலும் வயலும் ஊரும் இருக்க, நடுவில் ஒரு காட்டு மலை. யோசித்தால் அதுவும் ஒரு தீவுதான். கரந்தமலை ஒரு தீவு, கொல்லிமலை ஒரு தீவு, நம் அண்ணாமலையும் ஒரு தீவு. கப்பல்தான் வர வேண்டும் என்பதில்லை. ஒரு லோடு மண், ஒரு கட்டு விறகு, ஒரு நர்சரித் தொட்டி போதும்.