பிரம்பும் பொய்யும்: பெர்க்மன் எழுதிய குழந்தைமை வரலாறு

1979ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் ஸ்வீடனில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெற்றோர் தம் பிள்ளைகளை அடித்தல் கூடாது என்பதே அச்சட்டம். வீட்டிற்குள் ஓங்கும் கையைச் சட்டத்தால் தடுத்த முதல் நாடு என்னும் பெயர் அன்று அந்நாட்டிற்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான், குழந்தை எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் அமைதிப் பரிசு பெற்று ஆற்றிய உரையில், பிள்ளைகளை வன்முறையின்றி வளர்க்குமாறு உலகை வேண்டியிருந்தார். சட்டம் வந்து மூன்றாண்டுகள் கழித்து, 1982 டிசம்பரில், இங்மர் பெர்க்மனின் ‘ஃபேனியும் அலெக்ஸாண்டரும்’ திரைக்கு வந்தது. சட்டத்தால் விளைந்த படம் அன்று அது. எனினும் ஒரு சமூகம் தன் பழைய பிரம்பைத் திரும்பிப் பார்த்த காலத்தில் இரண்டும் தோன்றின என்பது எண்ணத்தக்கது.

அந்தப் பிரம்பிற்கு நீண்ட வரலாறு உண்டு. ஸ்வீடனின் லூத்தரன் திருச்சபை 2000ஆம் ஆண்டு வரை அரசுடன் பிணைந்திருந்தது. மார்ட்டின் லூத்தர் 1529இல் இயற்றிய சிறிய ஞானோபதேசம் பல தலைமுறைகளுக்கு அங்கே வீட்டுப் பாடநூலாக விளங்கியது. 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி குருமார் தம் சபையாரின் வேத அறிவைச் சோதித்துப் பதிவு செய்தனர். வீட்டுத் தலைவனே வீட்டின் குரு. அவனுக்குக் கீழ்ப்படிதல் இறைவனுக்குக் கீழ்ப்படிதலாகும். ‘அடியாத மாடு படியாது’ என்று நம்மவர் சொல்வதை, அவர்கள் அன்பின் கடமையாகவே கருதினர். அடித்தவன் தன்னைக் கொடியவனாக எண்ணவில்லை என்பதே இவ்வரலாற்றில் நாம் மனங்கொள்ள வேண்டியது.

பெர்க்மன் 1918இல் உப்சாலாவில் அத்தகையதொரு வீட்டில் பிறந்தார். தந்தை எரிக் பெர்க்மன் லூத்தரன் குருவானவர். 1987இல் வெளியான ‘மாய விளக்கு’ என்னும் தன்வரலாற்றில் பெர்க்மன் அவ்வீட்டின் நீதிமுறையை விரித்துரைக்கிறார். முதலில் விசாரணை, பிறகு ஒப்புதல், பிறகு அடி, இறுதியில் அடித்த கையை முத்தமிட்டு மன்னிப்புப் பெறுதல். இருண்ட அலமாரிக்குள் அடைக்கப்படுவதும் உண்டு. மற்றொரு நினைவையும் அவர் எழுதுகிறார். பெற்றோர் தம்மைச் சர்க்கஸ் கம்பெனிக்கு விற்றுவிட்டதாகப் பள்ளித் தோழனிடம் அவர் கதை கட்டினார். வீட்டில் அது பெருங்குற்றமாக விசாரிக்கப்பட்டது.

அந்தச் சர்க்கஸ் பொய்தான் படத்தில் அலெக்ஸாண்டர் வாயிலிருந்தும் வருகிறது. 1907ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் இரவில் தொடங்கும் கதை இது. நாடகக் குழு நடத்தும் எக்டால் குடும்பத்தின் வீடு சிவப்புத் திரைகளும் விருந்தும் சிரிப்புமாய் ஒளிர்கிறது. தந்தை ஆஸ்கர், ஹாம்லெட் நாடக ஒத்திகையில் தந்தையின் ஆவியாக நடிக்கையில் சாய்ந்து, பின்னர் இறக்கிறார். தாய் எமிலி பேராயர் எட்வர்ட் வெர்கெருஸை மணக்கிறாள். பிள்ளைகள் வெற்றுச் சுவர்கள் கொண்ட பேராயர் இல்லத்திற்குக் கொண்டு செல்லப்படுகின்றனர். இவ்விரு வீடுகளின் வேறுபாட்டை ஒளியாலேயே எழுதிய ஸ்வென் நிக்விஸ்டுக்கு 1984இல் ஆஸ்கர் விருது கிடைத்தது. படம் பெற்ற நான்கு ஆஸ்கர் விருதுகளுள் அது ஒன்று.

பெர்க்மன் ஒரு தந்தையை இருவராகப் பிரித்திருக்கிறார் என்று கொள்ளலாம். மென்மை முழுதும் இறந்தவரிடம். தண்டம் முழுதும் மாற்றுத் தந்தையிடம். நல்ல தந்தை வெண்ணிற உடையில் ஆவியாகத் திரும்பி வருகிறார். ஆனால் அவரால் எதுவும் செய்ய இயலவில்லை. பேராயரின் முதல் மனைவியும் மகள்களும் அடைத்து வைக்கப்பட்டு, தப்ப முயன்று ஆற்றில் மாண்டதாக அலெக்ஸாண்டர் பணிப்பெண்ணிடம் கூறுகிறான். பேராயர் விசாரிக்கிறார், பத்து அடிகள், மன்னிப்புக் கேட்க வைத்தல், பின்னர்ப் பரணில் சிறை. இத்தனையும் நிதானமாக, உரத்த குரலின்றி, அன்பின் பெயராலேயே நிகழ்கின்றன. அச்சம் அந்த நிதானத்தில்தான் உறைகிறது.

இங்குக் கவிஞர்கள் கருதத்தக்க வினா எழுகிறது. சிறுவன் சொன்னது பொய்தானே? ஆம், சான்றற்ற பொய். ஆயினும் அந்த வீட்டில் அடைபட்டோர் மூச்சுத் திணறுவர் என்னும் உண்மையை அவனால் வேறெவ்வாறும் கூற இயன்றிருக்காது. அதனால் கற்பனை குற்றமற்றது என்று படம் முடிவு கட்டிவிடவில்லை. யூத வணிகர் ஐசக் பிள்ளைகளைப் பெட்டகத்துள் மறைத்து மீட்கிறார். அவர் வீட்டின் பூட்டிய அறையில் இஸ்மாயில் என்பவன், அலெக்ஸாண்டரின் நெஞ்சில் உள்ள கொலை விருப்பத்தைத் தொட்டு எழுப்புகிறான். அதே இரவில் பேராயர் தீயில் மடிகிறார். பிரம்பு வளர்த்த பிள்ளையின் கற்பனைக்கும் பிரம்பின் குணம் வந்துவிடுகிறது. இறுதியில் பேராயரின் ஆவி சிறுவனைத் தரையில் வீழ்த்தி, தன்னிடமிருந்து தப்ப முடியாது என்கிறது.

அந்த ஆவி யாருடையது? அலெக்ஸாண்டரைப் பெர்க்மனின் மறு உருவம் என்று பலரும் கருதினர். பெர்க்மனோ, அலெக்ஸாண்டரைவிடப் பேராயரிடமே தம் சாயல் மிகுதி என்று பின்னர்க் கூறினார். பழி தீர்க்க எழுதப் புகுந்தவன் பிரம்பு பிடித்த கையைத் தன் கையாகக் காண்பது எளிய செயலன்று.

அக்காட்சி அவரை அத்துடன் விடவில்லை. தந்தை 1970இல் மறைந்துவிட்டிருந்தார். 1992இல், பெர்க்மன் எழுத பில்லே ஆகஸ்ட் இயக்கிய ‘நல்லெண்ணங்கள்’ கான் திரைவிழாவின் உயர் பரிசைப் பெற்றது. வறிய இறையியல் மாணவனாக, காதலனாக, அவமதிப்புக்கு அஞ்சுபவனாகத் தந்தை அதில் வருகிறார். அவ்வாண்டிலேயே அவர் எழுத்தில், மகன் டேனியல் இயக்கத்தில் வெளிவந்த ‘ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள்’ படத்தில் எட்டு வயதுச் சிறுவன் தந்தையுடன் பயணம் போகிறான். முதியவராய் நோயுற்ற தந்தையை வளர்ந்த மகன் சந்திக்கும் காட்சிகளும் இடையே வருகின்றன. பேராயராக ஒடுக்கப்பட்டவர் பத்தாண்டுகளில் மீண்டும் மனிதராகிறார்.

சட்டம் ஒரே நாளில் பிரம்பைப் பிடுங்கிவிடும். அதுவே அதன் பெருமை. எழுதுகிறவனுக்கு அத்தனை விரைவு வாய்ப்பதில்லை. பட்ட அடியை மறைக்காமலும் அடித்தவரைச் சிறுமைப்படுத்தாமலும் குழந்தைமையை எழுதப் பெர்க்மனுக்கு எழுபது வயதைக் கடக்க வேண்டியிருந்தது. நம்மில் தந்தையைப் பற்றிக் கவிதை எழுதாதார் சிலரே. எழுதியதை மறுபடி எடுத்துப் படிக்க, இப்படம் நம்மை அழைக்கிறது.