வான்கா படம் வரையக் கற்ற கணக்கு

ப்ளஸ் டூ முடித்த கோடை விடுமுறையில், ஓவிய வகுப்புக்குப் பணம் கட்டுகிறேன், போய்ச் சேர் என்றார் அப்பா. வாரத்துக்கு மூன்று நாள், மாலை நேரம். "வான்கா எந்த வகுப்புக்குப் போனார்?" என்று பெரிய மேதாவி மாதிரி கேட்டேன். அப்பாவுக்கு வான்கா யாரென்று தெரியாது. பணம் மிச்சம் என்று விட்டுவிட்டார். அதற்கப்புறம் பி.காம். சேர்ந்து மூன்றாவது வருஷமும் முடியப்போகிறது. இன்றைக்கும் நான் வரையும் மனிதர்கள் எல்லோரும் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டுதான் நிற்பார்கள். காரணம், எனக்குக் கை வரைய வராது. என் நோட்டைப் பார்த்த வகுப்பு நண்பர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான், ஒளிக்க ஒன்றுமில்லை :-)

சமீபத்தில் கேண்டீனில் இதே பேச்சு மறுபடியும் வந்தது. ஓவியம் சொல்லிக்கொடுத்து வருமா, தானாக வருமா? நான் வழக்கம்போல வான்காவை இழுத்தேன். "அவர் நிஜமாகவே யாரிடமும் கற்கவில்லையா, உனக்குத் தெரியுமா?" என்று ஒரு தோழி கேட்டாள். தெரியாது. மூன்று வருஷமாக ஒருவர் பெயரைச் சாட்சிக்கு இழுத்துவிட்டு, அவர் என்ன செய்தார் என்று ஒருநாள்கூடப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

அதனால் உட்கார்ந்து படித்தேன். (டச்சுக்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்கிற விதம் வான்காவும் இல்லை, வான்கோவும் இல்லை, தொண்டையில் சளி கட்டிய மாதிரி ஒரு சத்தம். நாம் வான்கா என்றே வைத்துக்கொள்வோம்.) அவர் எழுதியதில் 820 கடிதங்கள் போல மிஞ்சியிருக்கின்றன. பெரும்பாலானவை தம்பி தியோவுக்கு எழுதியவை. ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் வான்கா அருங்காட்சியகம் 2009-ல் அவற்றை முழுமையாகப் பதிப்பித்து இணையத்திலும் இலவசமாக வைத்திருக்கிறது. மஞ்சள் நிறம், மனவேதனை என்று எதிர்பார்த்துப் போனால் பக்கத்துக்குப் பக்கம் வரவு செலவு. பேப்பர் விலை, மாடலுக்குக் கொடுத்த கூலி, வீட்டு வாடகை. காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சரி, விஷயத்துக்கு வருவோம். வின்சென்ட் வான்கா 1853-ல் நெதர்லாந்தில் பிறந்தவர். 16 வயதில், 1869-ல், கூப்பில் என்கிற பெரிய கலை வியாபாரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். ஹேக், லண்டன், பாரிஸ் என்று மூன்று ஊர்க் கிளைகளிலும் இருந்துவிட்டு 1876-ல் வேலையை இழந்தார். அப்புறம் பள்ளி ஆசிரியர், புத்தகக் கடை வேலை, மதப் படிப்பு, கடைசியில் பெல்ஜியத்தின் போரினாஜ் என்ற நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் ஊழியம். எதுவும் நிலைக்கவில்லை. ஓவியராவது என்று 1880-ல் முடிவெடுத்தபோது அவருக்கு வயது 27. நம் ஊராக இருந்தால், கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லியிருப்பார்கள்.

முடிவெடுத்ததும் அவர் செய்த முதல் காரியம்தான் என் கேண்டீன் வாதத்தை உடைத்தது. பழைய முதலாளி கம்பெனியின் ஹேக் கிளை மேலாளர் டெர்ஸ்டீக்கிடம் ஒரு பாடப்புத்தகம் கேட்டு வாங்கினார்.

சார்ல் பார்க் என்ற பிரெஞ்சு ஓவியர், ஜெரோமுடன் சேர்ந்து தயாரித்த ஓவியப் பாடத்தொகுப்பு அது. ஜெரோம் சாதாரண ஆளில்லை, பாரிஸின் அரசு ஓவியப் பள்ளியில் பேராசிரியர். தொகுப்பை வெளியிட்டதும் கூப்பில் கம்பெனிதான், 1868-ல் தொடங்கி. (ஜெரோமின் மாமனார்தான் கூப்பில் முதலாளி. பாடநூல் வியாபாரம் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் போல.) மூன்று பகுதி, கிட்டத்தட்ட 200 தாள். முதல் பகுதியில் பிளாஸ்டர் சிலைகளின் படங்கள். நிறையத் தாள்களில் இடது பக்கம் நேர்கோடுகளால் மட்டும் போட்ட எலும்புக்கூடு மாதிரி ஒரு வடிவம், வலது பக்கம் நிழலோடு முடித்த படம். முதலில் பெரிய கோணங்களைப் பிடி, அப்புறம் உள்ளே போ என்று வாய் திறக்காமல் சொல்லும் வாத்தியார். இரண்டாவது பகுதி, பழைய மேதைகளின் சித்திரங்களைப் பார்த்து வரைவது. மூன்றாவதில் ஆண் உடலின் வெளிக்கோட்டுப் படங்கள் 60, கரித்துண்டால் வரைந்து பழக.

அதாவது, அந்தக் காலத்து ஓவியப் பள்ளி ஒன்றில் என்ன சொல்லிக்கொடுத்தார்களோ அதன் சாரம்தான் இந்தத் தாள்கள். பள்ளிக்குப் போகாத வான்கா பள்ளியின் சிலபஸை ஒன்று விடாமல் வீட்டில் போட்டார். வீடு என்றுகூடச் சொல்ல முடியாது. சுரங்கத் தொழிலாளி ஒருவர் வீட்டில் ஒரு சின்ன அறை. அதில் இரண்டு கட்டில், ஒன்று அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு, ஒன்று இவருக்கு. அங்கே உட்கார்ந்து அந்த 60 தாளையும் பார்த்து வரைந்தார். ஒரு முறையோடு நிறுத்தவும் இல்லை, திரும்பவும் வரைந்தார்.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. "தானாகக் கற்றார்" என்று நாம் சொல்லும்போது மனசில் ஓடும் படம் வேறு. காற்றில் முடி பறக்க, வயலில் நின்று, மனம்போன போக்கில் வரைகிற ஒரு ஆள். நிஜத்தில் இருந்தது ஒரு டியூட்டோரியல் மாணவன்.

1880 அக்டோபரில் பிரசல்ஸ் போனார். அங்கே ரூலோஃப்ஸ் என்ற மூத்த ஓவியர் அகாடமியில் சேரச் சொன்னார். வான்காவுக்கு இஷ்டமில்லை, ஆனாலும் விண்ணப்பித்தார். கட்டணம் கிடையாது, குளிர்காலத்தில் கணப்பும் விளக்கும் உள்ள அறையில் உட்கார்ந்து வேலை செய்யலாம். இதுதான் தம்பிக்கு அவர் சொன்ன நியாயம். கலைக் கொள்கை எதுவும் பேசவில்லை. கணப்பு! அங்கே அவர் நீடிக்கவில்லை. ஆனால் ஃபான் ரப்பார்ட் என்கிற, முறையாக ஓவியம் படித்த ஒரு நண்பர் கிடைத்தார்.

அடுத்தது 1881 கடைசியில், ஆன்டன் மோவ். அந்தக் காலத்தில் நெதர்லாந்தில் பெயர் பெற்ற ஓவியர், வான்காவின் ஒன்றுவிட்ட சகோதரியை மணந்தவர். நீர்வண்ணமும் எண்ணெய் வண்ணமும் முதன்முதலில் கையில் எடுத்துக்கொடுத்தவர் அவர்தான். சில வாரப் பாடம். வான்கா 1882-ல் ஹேக் நகருக்கே குடிவந்தபோது கைமாற்றாகப் பணமும் கொடுத்தார். அப்புறம் சண்டை. பிளாஸ்டர் வார்ப்புகளைப் பார்த்து வரை என்றார் மோவ். வான்கா வீட்டுக்கு வந்து பிளாஸ்டரைத் தூக்கி நிலக்கரித் தொட்டியில் எறிந்து உடைத்தார். உயிருள்ள மனிதர்களின் கையும் காலும் உலகத்தில் இல்லாமல் போனால் அப்போது பிளாஸ்டரைப் பார்க்கிறேன் என்பது அவர் பேச்சு. உறவு முறிந்ததற்குக் காரணம் அது மட்டுமில்லை. சியென் என்ற, தெருவில் பிழைத்த கர்ப்பிணிப் பெண்ணோடு அவர் சேர்ந்து வாழத் தொடங்கியதும் பெரிய மனிதர்களுக்குப் பிடிக்கவில்லை.

இங்கிருந்துதான் கணக்கு சுவாரசியமாகிறது. பிளாஸ்டர் சிலைக்குக் கூலி கிடையாது, உயிருள்ள மனிதருக்கு உண்டு. தியோ ஹேக்குக்கு முதலில் மாதம் 100 பிராங்க் அனுப்பினார், பிறகு 150. பின்னாளில் வான்கா வரைந்த தபால் ஊழியர் ரூலின் மாதம் 135 பிராங்க் வாங்கி, அதில் குழந்தைகளையும் வளர்த்தார். அப்படியானால் 150 குறைச்சல் இல்லை. ஆனாலும் வான்கா பட்டினி கிடந்தார். பணம் போனது மாடல்களுக்கும் வரைபொருட்களுக்கும். சியென், அவள் அம்மா, முதியோர் இல்லத்துத் தாத்தா ஒருவர் என்று ஆள் மாற்றி ஆள் உட்காரவைத்து வரைந்தார். வரவுப் பக்கம் பார்த்தால் 1882-ல் சித்தப்பா கோர் கேட்ட 12 பேனாச் சித்திரங்கள், ஒன்றுக்கு இரண்டரை கில்டர், மொத்தம் 30 கில்டர். 

வகுப்புக் கட்டணம் மிச்சம் என்று நான் அப்பாவிடம் சொன்னேனே, அந்தக் கணக்கு எவ்வளவு அபத்தம் என்று இப்போது புரிகிறது. பள்ளியில் ஒரு மாடலை முப்பது பேர் பகிர்ந்துகொள்வார்கள். தனியாகக் கற்பவன் முழுக் கூலியையும் தானே கொடுக்க வேண்டும். தானாகக் கற்பது மலிவான வழி இல்லை. அந்தச் செலவை ஏற்றுக்கொண்டது தியோ. 1884-ல் அண்ணன் தம்பிக்குள் ஒரு ஒப்பந்தமே ஆனது. மாதப்பணம் இனி தர்மமில்லை, பதிலுக்கு வரைகிற படமெல்லாம் தியோவுக்குச் சொந்தம்.

அளவு பிடிபடுவதற்காக, தச்சரையும் கொல்லரையும் வைத்துக் குறுக்குக் கம்பி கட்டிய ஒரு மரச்சட்டம் செய்துகொண்டார். மணலில் கால் ஊன்றி நிறுத்தி, அதன் வழியே ஜன்னலில் பார்க்கிற மாதிரி கடற்கரையைப் பார்த்து வரைவார். டியூரர் காலத்திலேயே இருந்த உத்திதான் இது.

அடுத்து நூனென் கிராமம். உருளைக்கிழங்கு உண்பவர்கள் படத்துக்கு முன்னால் விவசாயிகளின் தலைகளை மட்டும் நாற்பதுக்கு மேல் வரைந்தார். தாள் தாளாகக் கைகள். (பாக்கெட்டுக்குள் விடவில்லை.) 1885-ல் படம் முடிந்ததும் அதன் லித்தோகிராஃப் பிரதியை நண்பர் ரப்பார்டுக்கு அனுப்பினார். முறையாகப் படித்தவர் பிளந்துகட்டிவிட்டார். அந்தக் கை என்ன கை, அந்த மூக்கு என்ன மூக்கு என்று. வான்கா அந்தக் கடிதத்தை மடித்து அவருக்கே திருப்பி அனுப்பினார். ஐந்து வருஷ நட்பு அதோடு போயிற்று. கிழங்கு எடுக்கிற கை இலக்கணப்படி சரியாக இருந்தால்தான் தனக்கு வருத்தம் என்கிற மாதிரி தியோவுக்கு எழுதினார். அந்த வார்த்தையை நான் எத்தனையோ முறை எனக்குச் சாதகமாகப் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் அதைச் சொன்ன ஆள் ஏற்கனவே பார்க் தாள்களை முடித்திருந்தார். மீறுவதற்கு அவரிடம் ஒரு இலக்கணம் இருந்தது. என்னிடம் பாக்கெட்தான் இருந்தது.

அதே வருஷம் செப்டம்பரில் உள்ளூர்ப் பாதிரியார், யாரும் போய் அவருக்கு மாடலாக உட்காரக்கூடாது என்று தடுத்தார். மாடலாக வந்த ஒரு பெண் கர்ப்பமானதற்கு வான்காமேல் சந்தேகம். ஆள் கிடைக்காமல் நவம்பரில் ஆன்ட்வெர்ப் நகருக்குப் போனார். 1886 ஜனவரி 18, அங்கே அகாடமியில் பெயர் பதிந்தார். வயது 32. பகலில் வகுப்பு, இரவில் ஓவியர்கள் சேர்ந்து மாடல் வைத்து வரையும் இரண்டு சங்கங்கள். பிளாஸ்டரை உடைத்த அதே மனிதர் இப்போது பிளாஸ்டர் முன்னால் உட்கார்ந்து, இந்தப் பழங்காலத்துச் சிற்பிகள் என்னமாய்ச் செய்திருக்கிறார்கள் என்று வியந்து எழுதுகிறார்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஆனால் ஆசிரியர் சீபெர்ட்டோடு ஒத்துப்போகவில்லை. வெளிக்கோட்டை முதலில் சுத்தமாகப் போடு என்பது அவர் முறை. இவரோ உள்ளிருந்து திரட்சியாகக் கட்டிக்கொண்டு வருவார். மிலோ வீனஸ் சிலைக்கு இவர் ஒரு பிளெமிஷ் குடியானவப் பெண்ணின் இடுப்பை வைத்ததாகவும், சீபெர்ட் அதைத் திருத்தப் போனதாகவும், வகுப்பே அதிர இவர் கத்தியதாகவும் உடன் படித்த ஒருவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பிப்ரவரி முடியும்போது பாரிசுக்குக் கிளம்பிவிட்டார். மார்ச் 31-ல் அகாடமி ஆசிரியர்கள் கூடி, இவரைத் தொடக்க வகுப்புக்கு இறக்குவது என்று தீர்மானித்தார்கள். அப்போது மாணவர் ஊரிலேயே இல்லை.

பாரிஸிலும் கோர்மோன் என்ற ஓவியரின் பயிற்சிக்கூடத்தில் சில மாதம் போனார். நினைத்த அளவுக்குப் பயன்படவில்லை என்று ஒரு நண்பருக்கு எழுதினார். ஆனால் துலூஸ் லோத்ரெக், எமில் பெர்னார் எல்லாம் அங்கே பழக்கமானவர்கள்தான். அதை விட்டபின் மாடலுக்குப் பணம் இல்லை. அதனால் பூக்களை வரைந்தார், நிறம் பழக. பூவுக்கும் காசில்லாதபோது கண்ணாடி. பாரிஸில் இருந்த இரண்டே வருஷத்தில் 25-க்கும் மேற்பட்ட சுய உருவப்படங்கள். நாம் அவற்றை ஆன்ம விசாரம் என்கிறோம். இருக்கலாம். கூலி கேட்காத மாடல் என்பதும் உண்மை.

இதற்கப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஆர்ல், காது, மனநல விடுதி, 1889 ஜூனில் விண்மீன் இரவு. 1890 மே மாதம் பாரிசுக்குப் பக்கத்தில் ஓவேர் கிராமத்துக்கு வந்தார். கையில் பத்து வருஷ உழைப்பு, இன்றைக்கு உலகம் முழுக்கத் தொங்கும் படங்களில் பாதிக்குமேல் அப்போதே முடிந்திருந்தன. ஜூன் மாதம் தியோவுக்கு ஒரு கடிதம். பார்க்கின் கரித்துண்டுப் பயிற்சித் தாள்களை அனுப்பி வை, அவசரமாகத் தேவைப்படுகிறது, மறுபடி பார்த்து வரைந்து பிரதியை என்னிடமே வைத்துக்கொள்ளப்போகிறேன் என்று கேட்கிறார். ஜூலை 29-ல் இறந்துபோனார்.

போன ஞாயிறு பார்க் தொகுப்பின் முதல் தாளை நானும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் வெறும் கண்கள்தான். கை பின்னால் வருகிறது.