எல்டர் ஸ்க்ரோல்ஸ்: வழி கேட்ட காலமும் வழி காட்டும் காலமும்

எல்டர் ஸ்க்ரோல்ஸ், அமெரிக்காவின் பெத்தெஸ்டா நிறுவனம் 1994 முதல் வெளியிட்டுவரும் கணினி விளையாட்டு வரிசை. டாம்ரியல் என்ற கற்பனைக் கண்டத்தில் ஆடுபவர் தனக்கென ஒரு பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டு மனம்போல் திரியலாம். முதன்மைக் கதையைத் தொடாமலேயே மாதக்கணக்கில் ஆடலாம். முதன்மை விளையாட்டுகள் ஐந்து. பழையவற்றில் ஆடுபவர்தான் உலகத்துக்கு ஏற்றபடி நடந்துகொள்ள வேண்டும். புதியவற்றில் உலகம் அவருக்கு ஏற்றபடி வளைகிறது.

முதல் விளையாட்டான 'அரீனா' (1994), ஊர் ஊராகப் போய்ப் போட்டி அரங்குகளில் சண்டையிடும் வீரர் குழுவின் கதையாகத்தான் திட்டமிடப்பட்டது. வேலை நடக்க நடக்க, பக்கத்தில் சேர்த்த சின்னச் சின்னப் பணிகளும் நிலவறைகளும் பெருகி, அரங்கச் சண்டைகளை வெளியே தள்ளிவிட்டன. விளம்பரங்கள் முன்பே அச்சாகிவிட்டதால் பெயர் மட்டும் தங்கியது.

'டாகர்ஃபால்' (1996) அளவில் ராட்சதன். அதன் நிலப்பரப்பு பிரிட்டனுக்கு நிகரானது என்று நிறுவனம் விளம்பரம் செய்தது. சுமார் 15,000 ஊர்களும் நிலவறைகளும் அதில் உண்டு. பெரும்பாலானவற்றைக் கணினி நிரலே கோத்துக் கொடுத்தது. அதனாலேயே ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் வேறுபாடு காண்பது கடினம். ஆனால் பின்னால் வந்த எல்லா முதன்மை விளையாட்டுகளும் சுவீகரித்த ஒரு விதி இங்கேதான் பிறந்தது: எதைச் செய்கிறோமோ அதில்தான் தேர்ச்சி வரும். வாள் சுழற்றினால் வாள் திறன் ஏறும், ஓடினால் ஓட்டம் ஏறும்.

அடுத்து வந்த இரண்டு கிளை விளையாட்டுகள் எடுபடவில்லை. நிறுவனம் பணமுடையில் தத்தளித்தது. 1999இல் ஸெனிமேக்ஸ் என்ற தாய் நிறுவனத்தின் கீழ் வந்த பிறகே மூச்சு விட முடிந்தது.

அந்த நெருக்கடியிலிருந்து எழுந்ததுதான் 'மாரோவிண்ட்' (2002). வரிசையின் உச்சம் இதுவே. டாகர்ஃபாலின் பரப்போடு ஒப்பிட்டால் இதன் களமான வார்டன்ஃபெல் தீவு ஒரு சிறு மூலை. ஆனால் அந்த மூலையைக் கையால் இழைத்திருக்கிறார்கள். நடுவில் எரிமலை, மர உயரத்துக்குக் காளான்கள், ஊருக்கு ஊர் ஆட்களைச் சுமந்து செல்லும் நெடுங்கால் பூச்சிகள். ஐரோப்பியக் கோட்டை கொத்தளங்களின் சாயலையே பார்த்துச் சலித்தவர்களுக்கு இது புது நிலம்.

இங்கே திரையில் அம்புக்குறி கிடையாது. முதன்மைக் கதையின் முதல் பணியே, பால்மோரா நகருக்குப் போய்க் கையஸ் கொசாடெஸ் என்பவரைக் கண்டுபிடிப்பது. அவர் வீட்டைச் சத்திரத்தில் விசாரித்துத்தான் அறிய வேண்டும். பல பணிகளில் பாலத்தைக் கடந்து, கைகாட்டி மரத்தில் திரும்பி, குன்றுக்குக் கிழக்கே தேடு என்ற மட்டில் குறிப்பு கிடைக்கும். சில குறிப்புகள் தவறாகவும் இருந்தன. அப்படித் தேடி அலைந்தவருக்குத் தீவின் பாதைகள் சொந்த ஊர்த் தெருக்களைப்போல் மனப்பாடமாகின. கதைக்கு இன்றியமையாத ஒருவரைக் கொன்றாலும் ஆட்டம் தடுக்காது. விதியின் இழை அறுந்துவிட்டது என்று மட்டும் அறிவித்துவிட்டு, சிதைந்த உலகத்தில் தொடரச் சொல்லும். சண்டையில் மட்டும் பொறுமை வேண்டும்: வாள் எதிரியின் உடலில் பட்டாலும், கண்ணுக்குத் தெரியாத பகடை சம்மதித்தால்தான் அடி விழும்.

'ஆப்லிவியன்' (2006) அந்தப் பகடையை விலக்கியது. பட்ட அடி பட்டதுதான். பேச்சு முழுவதும் குரலில் வந்தது. பேரரசராகப் பேட்ரிக் ஸ்டூவர்ட் பேசினார். மாரோவிண்டில் பேச்சு பெரும்பாலும் எழுத்தாக இருந்ததால் நீளமாக வழி சொல்ல முடிந்தது. இங்கே அந்த வேலையைத் திசைகாட்டி முள் ஏற்றது. போய்வந்த இடத்துக்கு வரைபடத்தைச் சொடுக்கியே தாவலாம். முக்கியப் பாத்திரங்கள் சாவதில்லை, மயங்கி எழுவார்கள். பெரிய குறை, ஆடுபவரின் நிலை ஏற ஏற எதிரிகளும் ஏறியது. வழிப்பறிக் கொள்ளையன்கூட விலைமதிப்பற்ற கவசத்தோடு வந்து நிற்பான். பாடுபட்டு வளர்ந்ததன் பலன் கையில் நிற்காது.

2011 நவம்பர் 11 அன்று வெளியான 'ஸ்கைரிம்' அந்தக் குறையை ஓரளவு சரிசெய்தது. தொடக்க நிலையில் அரக்கனைச் சீண்டினால் ஒரே அடியில் வானத்துக்குப் பறக்க வேண்டியதுதான். அதே சமயம் வலிமை, அறிவு போன்ற பண்புகளும் பாத்திர வகுப்புகளும் ஒழிந்தன. டாகர்ஃபாலில் 35ஆக இருந்த திறன்கள் மாரோவிண்டில் 27, ஆப்லிவியனில் 21, இங்கே 18. எளிமை கூட்டத்தைக் கொண்டுவந்தது: 6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாக இயக்குநர் டாட் ஹோவர்ட் 2023இல் அறிவித்தார். பனிமலைகளும் டிராகன்களும் அழகுதான். அம்புக்குறியைப் பார்த்தபடி ஓடுபவர் அவற்றில் பாதியைக் கவனிப்பதில்லை என்பதே வருத்தம்.

ஆறாவது விளையாட்டு 2018இல் அறிவிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் ஆப்லிவியனின் புதுப்பதிப்பு வந்தது. அதில் நிலை ஏறும் முறையை மாற்றியவர்கள், எதிரிகளும் கூடவே ஏறும் பழைய விதியை அப்படியே விட்டுவைத்தார்கள்.