வானத்தைச் சுமந்தவன் திருச்சிக்கு வந்த வழி

அட்லஸ் பூமியைச் சுமந்ததே இல்லை. ஜீயஸோடு போரிட்டுத் தோற்ற டைட்டன்களில் அவனும் ஒருவன். அவனுக்குக் கிடைத்த தண்டனை வானத்தைத் தாங்கி நிற்பது. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய சலவைக்கல் சிலையில் அவன் தோள்மேல் உள்ள உருண்டையை உற்றுப் பார்த்தால் கடலும் கண்டமும் தெரியாது. நட்சத்திர மண்டலங்களைத்தான் செதுக்கியிருக்கிறார்கள். பூமியைத் தாங்குவது நம் புராணக் கணக்கில் ஆதிசேஷனின் வேலை. அவருக்கு ஸ்ரீரங்கத்தில் பெருமாளின் படுக்கையாக இருக்கும் பொறுப்பும் உண்டு.

தாங்குகிறவன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதால் கிரேக்கர்கள் அவனைக் கண்ட இடத்திலெல்லாம் வைத்தார்கள். வட ஆப்பிரிக்க மலைத்தொடர் அவன் பெயரைப் பெற்றது. அதற்கு மேற்கே விரிந்த கடல் அட்லாண்டிக் ஆயிற்று. கட்டடக்கலையில் தூணுக்குப் பதிலாகக் கூரையைத் தாங்கி நிற்கும் ஆண் சிலைகளை இன்றும் அட்லஸின் பன்மைப் பெயரால்தான் அழைக்கிறார்கள். நம்மிடமும் அப்படிப்பட்ட பொம்மைகள் உண்டு. ஆனால் கோபுரத்தைத் தானே தாங்குவதாகக் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்கும் சுதைப் பொம்மையைப் பார்த்துத் தமிழன் பரிதாபப்படவில்லை, சிரித்தான். அலுவலகத்தில் ஒருவரைக் ‘கோபுரம் தாங்கி’ என்று சொன்னால் அது பாராட்டு இல்லை.

வரைபடப் புத்தகத்துக்கு இந்தப் பெயர் வந்த கதை கொஞ்சம் கோணலானது. ரூபெல்மோண்டே என்ற ஊரில் 1512-ல் பிறந்த வரைபடக்காரர் மெர்கேட்டர், கிரேக்கப் புவியியலாளர் தாலமியின் பழைய நூலுக்குரிய படங்களைச் செப்புத்தகட்டில் வெட்டி 1578-ல் வெளியிட்டார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த நூலில் ‘ஓர்த்தூரா’ என்ற அரசிருக்கை நகரம் வருகிறது. ஆய்வாளர்கள் பலர் அதைத் திருச்சியின் உறையூர் என்கிறார்கள். ‘காபேரோஸ்’ என்பது காவிரி. ஆக, அட்லஸ் என்ற பெயர் புத்தகத்துக்கு வருவதற்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகள் முன்பே நம்ம ஊர் தாலமியின் நூலுக்குள் இடம் பிடித்திருந்தது.

மெர்கேட்டரின் நண்பர் ஓர்ட்டேலியஸ் அவரை முந்திக்கொண்டு 1570-ல் ஒரே அளவில் அமைத்த படங்களைத் தொகுத்துப் புத்தகமாக்கிவிட்டார். அவர் வைத்த பெயர் ‘உலக அரங்கம்’. அது நிலைத்திருந்தால் புவியியல் வாத்தியார்கள் வகுப்பில் நுழைந்ததும் “எல்லாரும் தியேட்டரை எடுங்கடா” என்று சொல்லியிருப்பார்கள். மெர்கேட்டர் 1594-ல் இறந்தார். மறு ஆண்டு மகன் ரூமோல்ட் தந்தையின் படங்களை வெளியிட்டபோது தலைப்பில் ‘அட்லஸ்’ இருந்தது. அது தண்டனை பெற்ற டைட்டனைக் குறிக்கவில்லை. மௌரித்தானியாவை ஆண்ட, வானியல் கற்ற, முதல் வான உருண்டையைச் செய்ததாகச் சொல்லப்படும் அட்லஸ் என்ற அரசனுக்கு மரியாதையாகவே மெர்கேட்டர் அப்படிப் பெயரிட்டார். முகப்புப் படத்திலும் அவன் எதையும் தூக்கவில்லை; உட்கார்ந்து உருண்டையைக் காம்பஸால் அளந்துகொண்டிருக்கிறான். பின்னால் வந்தவர்கள்தான் முதுகு வளைந்த சுமைகாரனைக் கொண்டுவந்து பூமியை ஏற்றிவிட்டார்கள். எனக்கு அந்த அளக்கிற அரசனைத்தான் பிடிக்கும்.

அளக்கிற வேலை இங்கே வந்தது 1802-ல். வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு போட்டு முக்கோண அளவையைத் தொடங்கினார். ஒரு உயரத்திலிருந்து இன்னொரு உயரத்தைப் பார்த்துக் கோணம் எடுக்க வேண்டும். காவிரிப் படுகைக்கு வந்ததும் அவருக்குத் திண்டாட்டம். தென்னையும் பனையும் கண்ணை மறைக்கின்றன. ஏறி நிற்க மலையில்லை. திருச்சிக்கு வாய்த்த மாதிரி எல்லா ஊருக்கும் ஒரு மலைக்கோட்டை வாய்க்குமா? கோபுரங்களின் உச்சியே கதி என்றானது. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி அதன் வட்டத்தகடு நெளிந்துபோனது. மனிதர் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு பல வாரம் தட்டி நிமிர்த்தி மறுபடியும் வேலையைத் தொடங்கினார்.

இப்படிச் சேர்ந்த அளவைகளிலிருந்து, 1827 முதல், கிழக்கிந்தியக் கம்பெனி ‘இந்தியன் அட்லஸ்’ தாள்களை வெளியிட்டது. நான்கு மைலுக்கு ஒரு அங்குலம். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடத்திலிருந்து கல்லணை வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளும் ஸ்ரீரங்கத் தீவு, அந்த அளவில் ஐந்து அங்குலத்துக்குள் முடிந்துவிடும். ஏழு திருச்சுற்றும் சேர்ந்து 156 ஏக்கர் என்று நாம் பெருமை பேசும் பெரிய கோயில் ஒரு மிளகுக்குள் அடங்கிவிடும்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1956-ல் தேசிய அட்லஸ் நிறுவனம் கல்கத்தாவில் தொடங்கியது. மறு ஆண்டே முதல் தேசிய அட்லஸ் வந்தது, அதுவும் இந்தியில். மொழியை மாற்றியவர்கள் அட்லஸை மாற்றவில்லை.

இதற்கிடையே அந்தச் சொல் புத்தகத்தை விட்டு வெளியிலும் அலைந்தது. 1758-ல் லின்னேயஸ் ஒரு மாபெரும் அந்துப்பூச்சிக்கு அட்லஸ் என்று பெயரிட்டார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் அதன் உறவுக்காரப் பூச்சிக்குப் பிற்பாடு ‘டாப்ரபேனிஸ்’ என்று பெயர் வந்தது. தாலமி இலங்கையைக் குறித்த பெயரிலிருந்து வந்தது அது. கீழை நாட்டு வணிகத்தில் ‘அட்லஸ்’ என்றால் வழவழப்பான பட்டு. அது அரபுச் சொல். கிரேக்கனுக்குச் சம்பந்தமில்லை, பெயர்ப் பொருத்தம் மட்டுமே. 1951-ல் சோனிபட்டில் அட்லஸ் சைக்கிள் பிறந்தது. தமிழ்நாட்டில் அதற்குப் போட்டி அம்பத்தூரின் ஹெர்குலிஸ். புராணத்தில் வானத்தைக் கொஞ்ச நேரம் மாற்றித் தாங்கிவிட்டு, தந்திரமாக அட்லஸின் தலையிலேயே திரும்பக் கட்டியவன் ஹெர்குலிஸ். சைக்கிள் கடைகளில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி விற்றிருக்கிறார்கள்.

திருச்சியில் இந்தச் சொல்லின் விசித்திரமான முகவரி அரசு மருத்துவக் கல்லூரிதான். மண்டையோட்டைத் தாங்கும் முதல் கழுத்தெலும்பின் பெயர் அட்லஸ். மற்ற முள்ளெலும்புகளுக்கு உள்ள உடல்பகுதி இதற்கு இல்லை, வெறும் வளையம். ‘ஆமாம்’ என்று தலையசைப்பது மண்டையோட்டுக்கும் அட்லஸுக்கும் இடையிலான மூட்டில். ‘இல்லை’ என்று ஆட்டுவது அட்லஸுக்கும் அதன் கீழுள்ள ஆக்ஸிஸுக்கும் நடுவில். முதலாண்டு மாணவர்கள் இதைப் படிக்கும் கல்லூரி கி.ஆ.பெ. விசுவநாதம் பெயரில் இருக்கிறது. திருச்சிப் புகையிலை வணிகர், முத்தமிழ்க் காவலர், பேச்சில் அயற்சொல் கலப்பதைப் பொறுக்காதவர். முதல் எலும்புக்கு அட்லஸ் என்றே பெயர் இருக்கட்டுமா என்று அவரைக் கேட்டிருந்தால் தலை எந்தப் பக்கம் ஆடியிருக்கும் என்பதில் சந்தேகமில்லை. அப்படி ஆட்டவும் அட்லஸ்தான் உதவியிருக்கும்.