ஃபிட்ஸ்ராய் கிராஸிங் பெண்கள் கேட்ட கேள்வி

ஆஸ்திரேலியப் பழங்குடிகள் என்று பேச்செடுத்தாலே நம்மவர்களுக்குக் குமரிக்கண்டம் ஞாபகத்துக்கு வந்துவிடும். வளரியும் பூமராங்கும், முகச்சாடை, நாலைந்து சொற்கள் என்று பட்டியல் நீளும். 2013ல் ஒரு மரபணு ஆய்வு, சுமார் நாலாயிரம் வருஷத்துக்கு முன்பு இந்தியாவிலிருந்து அங்கே ஆட்கள் போயிருக்க வேண்டும் என்று சொன்னதும் இங்கே புனேயில் எங்கள் நண்பர்கள் வட்டத்தில் ஒரே கொண்டாட்டம். 2016ல் ஆண்வழி மரபணுவை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வு அதற்குச் சான்றில்லை என்றது. அதை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை :-)

அந்த மக்களைப் பார்க்கப் போன எல்லோரும் தங்களுடைய கேள்வியைத்தான் மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். நாமும் அதே வரிசையில்தான் நிற்கிறோம். அவர்களே கேள்வி கேட்டு, அதற்காக நடந்த ஆய்வு ஏதாவது உண்டா என்று தேடிப் படித்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பழைய கதை. 1938-39ல் அடிலெய்டு, ஹார்வர்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அனுப்பிய பயணத்தில் நார்மன் டிண்டேலும் ஜோசப் பேர்ட்செலும் ஊர் ஊராகப் போனார்கள். மிஷன்களிலும் அரசுக் குடியிருப்புகளிலும் இருந்தவர்களை அளந்தார்கள், படம் பிடித்தார்கள், தலைமுடியை நறுக்கி எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய கேள்வி, வெள்ளையரோடு கலந்து பிறந்தவர்கள் என்கிற 'பிரச்னை' பற்றியது. அன்று எழுதிவைத்த வம்சாவளிக் குறிப்புகள், பிற்பாடு குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகள் தங்கள் சொந்தங்களைத் தேடிக் கண்டுபிடிக்க உதவின என்பது வேறு விஷயம். அதற்காக எழுதப்பட்டவை இல்லை அவை.

இரத்தமும் போயிருக்கிறது. 1968ல் வடக்கே எல்கோ தீவிலுள்ள கலிவின்குவில் டைஃபாய்டு பரவியபோது அந்த ஊர் மக்களிடம் இரத்தம் எடுத்தார்கள். அது கான்பெராவில் ஒரு பல்கலைக்கழகக் குளிர்பெட்டியில் ஐம்பது வருஷம் கிடந்தது. கொடுத்தவர்களில் பலர் இறந்துபோனார்கள். செத்தவருடைய இரத்தம் எங்கோ ஒரு பெட்டியில் உறைந்து கிடக்கிறது என்று தெரியவந்தால் அந்த வீட்டாருக்கு எப்படி இருக்கும்? 2019ல்தான், ஊராரோடு பலமுறை பேசிய பிறகு, இறந்தவர்களின் 200க்கும் மேற்பட்ட மாதிரிகள் திரும்பி வந்தன. சடங்கு செய்து ஏற்றுக்கொண்டார்கள்.

நடுவில் நிலைமை மாறத் தொடங்கியது ஆய்வுக்கூடத்திலிருந்து இல்லை. 1971ல் சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில், ஒரு கடையறையில், பழங்குடி மக்களே நடத்தும் மருத்துவ நிலையம் ஒன்று ஆரம்பமானது. 'மம் ஷர்ல்' என்று எல்லோரும் கூப்பிட்ட ஷர்லி ஸ்மித்தும், கண் டாக்டர் ஃப்ரெட் ஹாலோஸும் முன்னின்றவர்களில் இருவர். இன்றைக்கு அப்படிப்பட்ட அமைப்புகள் நாடு முழுக்க 140க்கும் மேல். தங்களுக்கென்று ஒரு கட்டடமும் நிர்வாகக் குழுவும் இருந்தால்தானே வாசலில் நிற்கும் ஆராய்ச்சியாளரைப் பார்த்து "எதுக்கு வந்தீங்க?" என்று கேட்க முடியும்? 1991ல் அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, பழங்குடி மக்களிடம் ஆய்வு செய்வதற்குத் தனி நெறிமுறைகளை ஏற்றது. ஆய்வில் பங்கெடுப்பவரின் சம்மதம் மட்டும் போதாது, சமூகத்தையும் கலந்து பேசவேண்டும் என்பது அதில் முக்கியமானது. நான் மருந்துச் சோதனைத் தரவுகளைச் சரிபார்த்துப் பிழைக்கிறவன். கையெழுத்தோ கைநாட்டோ இல்லாத ஒப்புதல் படிவம் எங்கள் மேஜையைத் தாண்டாது. ஆனால் ஊர் சம்மதித்ததா என்று எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் பார்த்ததில்லை.

சரி, ஃபிட்ஸ்ராய் கிராஸிங்குக்கு வருவோம். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில், புரூமிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சின்ன ஊர். 2006 வாக்கில் அங்கே 13 மாதத்தில் 13 தற்கொலைகள். குடி ஊரைத் தின்றுகொண்டிருந்தது. வாரக்கணக்கில் சாவு வீடாகவே போய்வந்த பெண்கள், 2007 ஜூலையில் வழக்கமான தங்கள் காட்டுக்கூட்டத்தில் ஒரு முடிவெடுத்தார்கள்: கடையில் வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போகும் சரக்கைக் கட்டுப்படுத்த வேண்டும். பெண்கள் மையத்தின் ஜூன் ஆஸ்கரும் எமிலி கார்ட்டரும் முன்னே நின்றார்கள். ஊருக்குள்ளேயே கடுமையான எதிர்ப்பு. அப்படியும் அந்த அக்டோபரிலிருந்து 2.7 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள எதையும் பார்சல் வாங்க முடியாது என்று உத்தரவு வந்தது.

அதே 2007 ஜூனில் பக்கத்து நார்தர்ன் டெரிட்டரியில் என்ன நடந்தது தெரியுமா? பிரதமர் ஜான் ஹோவார்டு, குழந்தைகளைக் காப்பாற்றுகிறேன் என்று இராணுவத்தின் உதவியோடு பழங்குடி ஊர்களுக்குள் அதிகாரிகளை அனுப்பினார். யாரையும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குக் கட்டாய மருத்துவப் பரிசோதனை என்று முதலில் அறிவித்து, பிறகு அந்தக் 'கட்டாய'த்தைக் கைவிட்டார்கள். இரண்டு இடத்திலும் நோக்கம் குழந்தைகள்தான்.

ஃபிட்ஸ்ராய் பெண்கள் அதோடு நிற்கவில்லை. கர்ப்பமாக இருந்தபோது குடித்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சியில் பாதிப்பு இருக்குமோ என்ற பயம் அவர்களுக்கு. வெளியாள் வந்து "வயிற்றில் பிள்ளையோடு குடித்தாயா?" என்று கேட்டால் அது விசாரணை. இவர்கள் தாங்களே கேட்க முடிவுசெய்து, பிறகுதான் ஆராய்ச்சியாளர்களைக் கூப்பிட்டார்கள். குழந்தைகள் டாக்டர் எலிசபெத் எலியட்டும் சிட்னியிலுள்ள ஜார்ஜ் நிறுவனத்தின் ஜேன் லாட்டிமரும் வந்தார்கள். ஆய்வுக்கு வைத்த பெயர் 'லிலில்வான்'. அந்த வட்டாரக் கிரியோல் பேச்சில் 'எல்லாச் சின்னப் பிள்ளைகளும்' என்று அர்த்தம்.

2002, 2003ல் பிறந்து அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த பிள்ளைகள் 134 பேர். அதில் 127 பேரின் பெற்றோரோ வளர்ப்பவரோ பேசச் சம்மதித்தார்கள். 95 சதவீதம்! என் தொழிலில் இப்படி ஒரு எண்ணைப் பார்த்தால் கணக்கில் ஏதோ தப்பு என்றுதான் முதலில் நினைப்போம். ஊர்க்காரர்களே கூடப் போனதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பேசிய தாய்மார்களில் 55 சதவீதம் பேர் கர்ப்பத்தில் குடித்ததாக ஒப்புக்கொண்டார்கள். 108 பிள்ளைகளைக் குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் என்று ஒரு கூட்டமே பரிசோதித்தது. 21 பேருக்கு, அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, கருவிலேயே மதுவால் வந்த பாதிப்பு. அன்றுவரை உலகில் பதிவான மிக உயர்ந்த அளவுகளில் அதுவும் ஒன்று.

இந்த எண் வெளியே போனால் ஊருக்கே முத்திரை குத்திவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. தெரிந்தேதான் போனார்கள். எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு டாக்டர்கள் கிளம்பிவிடவும் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன செய்யவேண்டும் என்று எழுதிக் குடும்பத்திடம் கொடுத்தார்கள். ஜூன் ஆஸ்கர் 2017ல் பழங்குடி மக்களுக்கான தேசிய சமூகநீதி ஆணையராகி, 2024 வரை இருந்தார்.

அந்தப் பிள்ளைகள் பதினேழு, பதினெட்டு வயதைத் தொட்டபோது, இவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள், என்ன வேண்டும் இவர்களுக்கு என்று ஊர் மறுபடியும் கேட்டது. அதற்காக இன்னொரு ஆய்வு நடந்தது. இந்தமுறை பெயர் 'பிகிஸ்வுன்'. பெரிய பிள்ளை.