கோலத்தின் இலக்கணமும் ஜி.என்.செட்டி சாலையும்

மென்பொருளில் முதுகலை பயில்வோருக்கு வங்கி, மருத்துவம், காப்பீடு என ஏதேனும் ஒரு துறையின் அறிவையும் சேர்த்தே புகட்ட வேண்டும் என்னும் குரல் இன்று ஓங்கி ஒலிக்கிறது. சென்னையில் இதற்கு ஒரு முன்வரலாறு உண்டு.

அடையாற்றை ஒட்டிய காட்டில் 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு எழுந்த ஐ.ஐ.டி.க்கு 1973இல் ஐ.பி.எம். 370/155 கணினி வந்து சேர்ந்தது. அந்நாளில் கணினியை நாடியோர் பலரிடம் பொறியியலோ இயற்பியலோ முன்னமே கைவசம் இருந்தது. துறை முதலில், கணினி பிறகு. இன்று வரிசை தலைகீழ்.

1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையை இங்கே நினைக்கிறோம். சாம்ஸ்கி வழிவந்த இலக்கண விதிகள் குறியீடுகளை ஒரே வரியில் அடுக்குவன. கோலமோ நெடுக்கும் குறுக்கும் பரவுவது. ஆகவே இருபரிமாண அணிகளைப் பிறப்பிக்கும் இலக்கணம் தேவைப்பட்டது. (அணியிலக்கணம் என்றதும் தமிழ் பயின்ற நமக்குத் தண்டியலங்காரம்தான் நினைவில் எழும், இது வேறு அணி.) வாசற்படிப் புள்ளிகள் கணினிக் கோட்பாட்டுக்கு ஒரு கேள்வியைத் தந்தன. துறையறிவு என்பதை நாம் இந்தப் பொருளில்தான் கொள்ள விரும்புகிறோம்.

இதற்கு மாறான வழியும் இந்நகரில் உண்டு. மயிலாப்பூரில் அல்லாடி ராமகிருஷ்ணனின் இல்லத்தில் நடந்த கருத்தரங்குகளிலிருந்து 1962இல் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. 1989இல் சி.எஸ்.சேஷாத்ரி தொடங்கிய கணிதப் பள்ளி, தி.நகர் ஜி.என்.செட்டி சாலையில் நெடுநாள் இயங்கி, சென்னைக் கணிதக் கழகமாக வளர்ந்து 2005இல் சிறுசேரிக்குப் பெயர்ந்தது. 1998இல் அது தொடங்கிய இளங்கலையில் கணிதமும் கணினி அறிவியலும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தன. வங்கியும் காப்பீடும் அங்கே பாடமல்ல. தருக்கமும், நிரல் பிழையற்றதா எனச் சரிபார்க்கும் முறைகளுமே அதன் பலம். இன்றைய வங்கி நடைமுறையைப் பாடமாக்கினால் அது சில ஆண்டுகளில் பழசாகிவிடும். தருக்கம் அப்படிப் பழசாவதில்லை.

ஆயினும் ஒரு துறைக்காக நாம் வாதாடத்தான் வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டில் தமிழறிஞரும் கணினி வல்லுநரும் கூடி அமர்ந்ததன் பயன் தமிழ்99 விசைப்பலகை. விசைப்பலகைக்கு எழுத்து தெரிந்தால் போதும். பிழைதிருத்திக்குப் புணர்ச்சி தெரிய வேண்டும். 'மரம்' ஓரிடத்தில் 'மரவேர்' ஆகிறது, இன்னோரிடத்தில் 'மரக்கிளை' ஆகிறது. காப்பீட்டுக்கு ஒரு தாள் கேட்போர் நன்னூலுக்கும் ஒன்று கேட்டால் என்ன?