பிளம்பர் ஃபின்னியும் நூறு பவுண்டு ஹேன்ஸும்

கால்பந்து கிளப்புகள் ஆட்டக்காரர்களுக்குக் கோடி கோடியாகக் கொட்டுவதைப் பார்த்து, "அந்தக் காலத்தில் ஒரே கிளப்புக்கு விசுவாசமாக ஆடினார்களே!" என்று என் வயதுக்காரர்கள் அங்கலாய்ப்பதுண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இங்கிலாந்தில் நடந்ததைப் படித்தபின் எண்ணம் மாறியது.

அங்கே 1901 முதல் ஆட்டக்காரர் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. தொடக்கத்தில் வாரத்துக்கு 4 பவுண்டு. அறுபது ஆண்டு கழித்தும் 20 பவுண்டுதான். ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் சம்மதிக்காமல் வேறு கிளப்புக்குப் போக முடியாது. ஆக, கிளப்புக்குச் செலவும் கட்டுக்குள், ஆளும் கைக்குள்!

பிரஸ்டன் நார்த் எண்ட் கிளப்பின் டாம் ஃபின்னி, இங்கிலாந்து அணிக்கே ஆடியவர். ஆனாலும் பிழைப்புக்குப் பிளம்பர் வேலையும் பார்த்தார். 1952-ல் இத்தாலியின் பலெர்மோ கிளப் அவருக்கு 10,000 பவுண்டு ரொக்கம், வீடு, கார் எல்லாம் தருவதாக அழைத்தது. பிரஸ்டன் விடவில்லை. 1960-ல் ஓய்வு பெறும்வரை அங்கேயே ஆடினார். மறு ஆண்டே பிரஸ்டன் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. ஓர் ஆட்டக்காரரின் மதிப்பு என்னவென்று அப்போது தெரிந்திருக்கும்.

ஆட்டக்காரர் சங்கத் தலைவர் ஜிம்மி ஹில் வேலைநிறுத்தம் வரை போகத் தயாரானார். 1961 ஜனவரியில் உச்சவரம்பு ஒழிந்தது. ஃபுல்ஹாம் கிளப்பின் தலைவர் டாமி டிரிண்டர் மேடையில் சிரிக்கவைக்கும் நகைச்சுவைக் கலைஞர். வரம்பு போனால் ஜானி ஹேன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு தருவேன் என்று முன்பே சொல்லியிருந்தார். அதை வேடிக்கைப் பேச்சாக விடாமல், சொன்னபடி கொடுத்தார். ஹேன்ஸ் 1970 வரை ஃபுல்ஹாமிலேயே இருந்தார்.

ஆனால் கிளப்பின் பெட்டி அவ்வளவு பெரிதல்ல. 1964-ல் ஆலன் முல்லரியை 72,500 பவுண்டுக்கு டாட்டன்ஹாமுக்கு விற்றார்கள். 1968-ல் ஃபுல்ஹாமும் இறங்கியது. ஒருவரைத் தக்கவைத்து இன்னொருவரை விற்கும் இந்தக் கணக்கு இன்றும் சிறிய கிளப்புகளின் தலைவலி.

ஜார்ஜ் ஈஸ்தாம் தொடுத்த வழக்கில், ஆட்டக்காரரைப் பிடித்துவைக்கும் அந்த விதி நியாயமற்றது என்று 1963-ல் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

ஃபின்னிக்குப் பிரஸ்டன் சொந்த ஊர். விட்டிருந்தாலும் போயிருக்க மாட்டாரோ என்னவோ. முடிவெடுக்கும் வாய்ப்பைத்தான் அவருக்குத் தரவில்லையே! வாசலைப் பூட்டிவைத்துவிட்டு, பிள்ளை வீட்டோடு இருக்கிறான் என்று பெருமைப்படுவதில் என்ன இருக்கிறது?